தூரமும் நேரமும்: கொக்கலையிலிருந்து பேர்த் வரை

இரண்டு ஊர்களுக்கிடையே எவ்வளவு தூரம் என்று கேட்பதும், ஓர் ஊரிலிருந்து மற்றையதற்குச் செல்ல எவ்வளவு நேரமாகும் என்று கேட்பதும் ஒரே கேள்வியின் இரு வடிவங்கள் என்றே பொதுவாக எண்ணப்படுகின்றது. பாடசாலைக் கணக்கு நமக்கு அவ்வாறுதான் கற்பித்தது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும். கணக்கில் பிழையில்லை. ஆயினும் சரித்திரத்தில் இவ்விரு கேள்விகளும் வெவ்வேறானவை. முதற் கேள்விக்கு விடை பூமியின் வடிவத்தில் உள்ளது. இரண்டாவது கேள்விக்கு விடை காணவேண்டுமாயின், விமானத்தின் எந்திரத்தையும் காற்றின் போக்கையும் அறிந்தால் போதாது. எந்த நாடு எந்த நாட்டோடு பகைத்திருக்கின்றது, நிலமும் வானமும் எவர் ஆணைக்குட்பட்டிருக்கின்றன, எவருடைய அவசரம் அவசரமென மதிக்கப்படுகின்றது என்பவற்றையும் அறிதல் வேண்டும்.

இதனை விளக்குவதற்கு நாம் அந்நிய தேசமெங்கும் உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. நமது நாட்டின் தென்கரையிலே, காலிக்குத் தென்கிழக்கே, கொக்கலை என்னுமிடத்தில் ஒரு வாவி உண்டு. இந்து சமுத்திரத்தின் மறுகரையிலே, மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய பேர்த்தினூடாகச் சுவான் ஆறு ஓடுகின்றது. இந்த வாவிக்கும் அந்த ஆற்றுக்கும் இடையே 1943ஆம் ஆண்டு தொடக்கம் 1945ஆம் ஆண்டு வரை ஒரு விமான சேவை நடைபெற்றது. எங்கும் இறங்காது, ஏறக்குறைய முப்பது மணி நேரம் பறந்த சேவை அது. அக்காலத்தில் அது இரகசியம். இக்காலத்தில் அது பெரும்பாலும் மறதி.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். வகுப்பறையிலுள்ள பூகோள உருண்டையில் ஒரு நூலின் ஒரு நுனியை இலங்கையின் தென்முனையிலும் மறு நுனியைப் பேர்த்திலும் வைத்து இறுக இழுத்துப் பிடித்தால், அந்த நூல் காட்டும் வழியே இரண்டுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய வழியாகும். பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டம் ஒன்றன் பகுதி அது. அதன் நீளம் 3,513 மைல். அதாவது சுமார் 5,650 கிலோமீற்றர். 1943இல் இருந்த அதே நீளந்தான் இன்றும் உள்ளது. எந்த அரசனும் எந்தக் கம்பெனியும் அதை ஓரடி கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆனால் அந்த மாறாத தூரத்தைக் கடக்கும் நேரமும், அதைக் கடக்கவேண்டிய காரணமும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன.

அந்தக் காரணம் பிரித்தானிய சாம்ராச்சியத்தில் தொடங்குகின்றது. லண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலிற் செல்ல ஒரு மாதத்துக்கு மேலாகும். கடிதமொன்று போய் மறுமொழி வருவதற்குள் பருவமே மாறிவிடும். ஆட்சியையும் வர்த்தகத்தையும் லண்டனிலிருந்து நடத்திய வர்க்கத்துக்கு இந்தத் தாமதம் பெரும் இடையூறாக இருந்தது. 1934ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் இம்பீரியல் எயர்வேஸ் கம்பெனியும் அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தன. 1935இல் லண்டனுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே பன்னிரண்டரை நாட்களில் பிரயாணஞ் செய்ய வழி பிறந்தது. 1938இல், நீரில் இறங்கும் பெரிய பறக்கும் படகுகள் சேவைக்கு வந்தபின் இந்தக் காலம் மேலும் சுருங்கிற்று. அவ்வழியின் தரிப்பிடங்களை வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சென்றால் சாம்ராச்சியத்தின் படமே நமக்குக் கிடைத்துவிடும். எகிப்து, கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர் என்று அந்த வழி பிரித்தானியக் கொடியின் நிழலிலேயே பெரும்பாலும் சென்றது. விமானம் ஒரே மூச்சில் நெடுந்தூரம் பறக்க இயலாத காலத்தில், இடையிலுள்ள நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே நேரமும் இருந்தது.

யுத்தம் இந்த வழியைத் துண்டு துண்டாக அறுத்தது. 1940 யூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டது. அதன்பின் தென்னாபிரிக்காவின் டேர்பனிலிருந்து கெய்ரோ, கராச்சி, சிங்கப்பூர் வழியாகச் சிட்னி வரை குதிரைலாடம் போல் வளைந்த ஒரு வழி நடைபெற்றது. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அந்த லாடமும் நடுவே முறிந்தது. மலாயா, சுமாத்திரா, யாவா அனைத்தும் யப்பானின் பிடியில் வந்தபின், அவுஸ்திரேலியாவுக்கும் இந்தியத் துணைக்கண்டத்துக்கும் இடையே எஞ்சியிருந்தது வெறுங் கடல் மட்டுமே. அக்கடலின் இந்தப்புறத்துக் கரையாக வாய்த்தது இலங்கை.

இந்த இடத்தில் நாம் கொக்கலைக்குத் திரும்புதல் வேண்டும். கடலை அடுத்து அமைந்த அமைதியான வாவி பறக்கும் படகுகள் இறங்குவதற்கு மிக வாய்ப்பானது என்பதைப் பிரித்தானிய விமானப்படையினர் கண்டுகொண்டனர். ஆனால் வாவியைச் சுற்றி இருந்தது வெறுந்தரையன்று. அங்கே கிராமங்கள் இருந்தன. தென்னந்தோப்புகளும் வீடுகளும் இருந்தன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சனங்கள் இருந்தனர். யுத்தத்தின் பெயரால் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். சிங்கள இலக்கியத்தின் முதன்மையான நாவலாசிரியர்களில் ஒருவராகிய மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்த ஊர் இதுவே. அவர் பிறந்த வீடு இடிபடாது தப்பிப் பிற்காலத்தில் நினைவகமாயிற்று. அயலிலிருந்த எத்தனையோ வீடுகளுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. தென்னிலங்கைக் கிராமமொன்றின் பழைய வாழ்க்கை புதிய வர்த்தக வாழ்க்கையின் முன்னே சரிந்துபோவதைச் சித்திரிக்கும் அவருடைய 'கம்பெரலிய' நாவல் 1944இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் பிறந்த மண்ணிலே விமானப்படையின் கூடாரங்களும் எண்ணெய்த் தாங்கிகளும் நின்றன என்பதை இலக்கிய மாணவர்கள் நினைவிற் கொள்ளல் தகும்.

பாசிசம் தோற்கடிக்கப்பட வேண்டிய ஒன்றே என்பதில் நமக்கு ஐயமில்லை. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து எழுந்த கனேடியப் படைப்பிரிவின் கட்டலினா விமானமொன்றுதான் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அனுப்பிய சிறிது நேரத்தில் அவ்விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. ஆகவே கொக்கலைத் தளத்தினால் பயனில்லை என்று எவரும் சொல்லமுடியாது. நாம் கேட்பது வேறு. அந்தப் பயனுக்கான விலையைக் கொடுத்தவர்கள் எவர்? யுத்தத்தைத் தொடங்கியவர்களோ, அதனை நடத்தியவர்களோ அல்லர். தங்கள் நாடு போரில் சேரவேண்டுமா என்று ஒருபோதும் கேட்கப்படாத ஒரு குடியேற்ற நாட்டின் கிராமத்துச் சனங்களே அவ்விலையின் ஒரு பங்கைக் கொடுத்தனர். மலாயாவின் இறப்பரை இழந்த நேச நாடுகளுக்கு இலங்கையின் இறப்பரே பிரதான ஆதாரமாயிற்று என்பதையும் இதனோடு சேர்த்து நோக்கினால், இந்தத் தீவு அக்காலத்தில் எவ்வளவு 'அண்மையான' நாடாகத் திடீரென மாறியது என்பது விளங்கும்.

1943 யூலையில், மேற்கூறிய சேவை ஒழுங்காக நடைபெறத் தொடங்கிற்று. குவாண்டாஸ் கம்பெனி அதற்குப் பயன்படுத்தியவை ஐந்து கட்டலினாப் பறக்கும் படகுகள். இரண்டு எந்திரங்கள் கொண்ட அவ்விமானங்கள் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் வேகத்திலேயே பறந்தன. மாணவர்கள் இங்கே கணக்கைச் செய்து பார்க்கலாம். 5,650ஐ 200ஆல் வகுத்தால் இருபத்தெட்டு மணி நேரம் வரும். உண்மையில் பிரயாணம் 27 மணியிலிருந்து 33 மணி வரை நீடித்தது. அந்த ஆறு மணி வேறுபாடு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் காற்றிலிருந்தே வந்தது. விமானத்தின் வேகம் காற்றைச் சார்ந்த வேகம். பூமியைச் சார்ந்த வேகமன்று. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் விமானத்தை மணிக்கு 25 கிலோமீற்றர் வேகமுள்ள எதிர்காற்று தடுக்குமாயின், அது 175 கிலோமீற்றரே முன்னேறும். முழுவழியும் அக்காற்று வீசினால் பிரயாணம் நான்கு மணி நேரம் நீண்டுவிடும். மெதுவாகச் செல்லும் விமானத்துக்குக் காற்று எவ்வளவு பெரிய எசமான் என்பதை இந்தக் கணக்குக் காட்டுகின்றது.

இத்துணை தூரத்துக்கு வேண்டிய பெற்றோலை ஏற்றுவதற்காக விமானத்திலிருந்து கழற்றக்கூடியவையெல்லாம் கழற்றப்பட்டன. மேலதிகத் தாங்கிகள் பொருத்தப்பட்டன. புறப்படும்போது விமானத்தின் நிறை சுமார் 16 தொன். அது அதன் வகுத்த அளவுக்கு மேற்பட்டது. புறப்பட்ட முதற் சில மணி நேரத்தில் ஓர் எந்திரம் நின்றுவிட்டால், மற்றொன்றினால் மட்டும் அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு பறக்க இயலாது. ஆகையால் ஏற்றக்கூடியவர்கள் மூன்று பிரயாணிகள் மட்டுமே. தபால் 69 கிலோகிராம் மட்டுமே. வழியில் எதிரியின் காதில் விழாதிருக்க வானொலி மௌனமாக்கப்பட்டது. திசையை அறிய நட்சத்திரங்களே துணை. அந்த ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன: அல்ற்றெயர், வேகா, றைஜெல், அன்ராறெஸ், ஸ்பைக்கா. இவற்றுள் அல்ற்றெயர் நமது திருவோணம், அன்ராறெஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. நமது பஞ்சாங்கத்தில் வாழும் விண்மீன்கள் அந்தக் கடலின்மேல் மாலுமிகளுக்கு வழிகாட்டின.

யப்பானிய விமானங்கள் சுற்றித்திரியும் பகுதியை இருளில் கடக்கும்படி புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. அதனால் ஒரே பிரயாணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதை விமானத்தில் இருந்தோர் கண்டனர். 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் அச்சேவைக்கு வாய்த்தது இவ்வாறே. பிரயாணஞ் செய்தவர்களுக்கு அப்பெயரால் ஒரு சான்றிதழும் வழங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் கட்டலினாக்கள் 271 முறை அச்சமுத்திரத்தைக் கடந்தன. ஒரு விமானமும் இழக்கப்படவில்லை. விமானிகளும், நட்சத்திரங்களைப் பார்த்து வழி கணித்தோரும், கரையில் எந்திரங்களைப் பேணிய தொழிலாளரும் காட்டிய திறமைக்கு அது தக்க சான்று. மனித உழைப்பின் அந்தச் சாதனையை நாம் மனமார மெச்சுகிறோம்.

ஆயினும் இன்னொரு கணக்கையும் செய்து பார்ப்போம். 271 முறையும் மூன்று பேரே ஏறினர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 813 பேர். இவர்கள் யார்? படை அதிகாரிகள், அரசாங்க உத்தியோகத்தர், யுத்தத்தை நடத்துவதற்கு இன்றியமையாதவர்கள் என்று கருதப்பட்டோர். கொக்கலையின் மீனவனோ, தென்னந்தோப்பை இழந்த கமக்காரனோ அந்தப் பட்டியலில் இடம்பெற வழியில்லை. அவனுடைய நிலத்தைத் தொட்டுக்கொண்டு சமுத்திரம் முப்பது மணி நேரமாகச் சுருங்கிற்று. அவனுக்கோ சொந்த வீட்டுக்குச் செல்லும் வழியே நீண்டுபோயிற்று. ஒரே விமானம் ஒருவனுக்குத் தூரத்தைக் குறைத்து மற்றொருவனுக்கு அதைக் கூட்டியது.

1944இல் நான்கு எந்திரங்கள் கொண்ட லிபரேற்றர் விமானங்களும் சேவையிற் சேர்ந்தன. அவை மேற்கு அவுஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலிருந்து இலங்கையை ஏறக்குறைய 17 மணி நேரத்தில் அடைந்தன. யுத்தம் முடிந்தது. சிங்கப்பூர் மீண்டும் பிரித்தானியர் கைக்கு வந்தது. 1947 டிசம்பரில் குவாண்டாஸ் கம்பெனி சிட்னியிலிருந்து லண்டனுக்கு நான்கு நாட்களில் செல்லும் புதிய சேவையைத் தொடங்கியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்பொலி ஆகியவை அதன் தரிப்பிடங்கள். இலங்கை அதில் இல்லை. கட்டலினாக்கள் கடனாகவும் குத்தகையாகவும் பெற்ற அமெரிக்க உடைமைகள்; உடன்படிக்கையின் விதிப்படி அவை கடலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மூழ்கடிக்கப்பட்டன. நல்ல நிலையில் இருந்த விமானங்களை விற்கவும் விடாமல், மக்கள் உபயோகத்துக்குக் கொடுக்கவும் விடாமல், கடலுக்கு இரையாக்கிய அந்த ஏற்பாட்டில் முதலாளித்துவச் சந்தையின் நியாயத்தை நாம் தெளிவாகக் காணலாம்.

யுத்தம் முடியுமுன்னரே வானத்தைப் பங்கிடும் சட்டமும் எழுதப்பட்டுவிட்டது. 1944 டிசம்பர் 7ஆம் திகதி சிக்காகோ நகரில் கைச்சாத்தான உடன்படிக்கையின் முதலாவது பிரிவு, ஒவ்வோர் அரசுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானில் முழுமையான, தனியுரிமையான இறைமை உண்டென்று கூறியது. அன்று தொட்டு ஒரு விமானப் பிரயாணத்தின் நேரம் பல அரசுகளின் அனுமதியில் தங்கியிருக்கின்றது.

இந்த இறைமையை வெறுந் தடையென்று மட்டும் கொள்ளுதல் தவறாகும். அது ஒடுக்கப்பட்டோரின் ஆயுதமாகவும் விளங்கியதுண்டு. 1963இல், நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாபிரிக்காவின் விமானங்கள் தங்கள் வானிற் பறப்பதை ஆபிரிக்காவின் சுதந்திர நாடுகள் பல தடைசெய்தன. யொகன்னஸ்பேர்க்கிலிருந்து லண்டனுக்குச் செல்லவேண்டிய தென்னாபிரிக்க விமானம், ஆபிரிக்கக் கண்டத்தின் மேற்குப் புடைப்பைக் கடல்வழியாகச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. தூரம் மாறவில்லை, நேரம் கூடிற்று. தம் தோலின் நிறத்தால் இழிவுபடுத்தப்பட்ட மக்கள், தம்மை இழிவுபடுத்தியோரின் கடிகாரத்திலே தங்கள் கண்டனத்தை எழுதினர்.

வல்லரசுகளின் பகையும் அவ்வாறே கடிகாரத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் யப்பானின் தோக்கியோவுக்கும் இடையிலுள்ள நேர்வழி சைபீரியாவின் மேலே செல்கின்றது. அது 8,000 கிலோமீற்றருக்கும் குறைவு. 1983இல் பின்லாந்து விமானங்கள் அவ்வழியைத் தவிர்த்து, வட துருவத்தினூடாகச் சுற்றி ஏறக்குறைய 13 மணி நேரத்தில் தோக்கியோவை அடைந்தன. பனிப்போர் முடிந்து சைபீரிய வான் திறந்தபின் அந்நேரம் பத்து மணிக்கும் கீழே இறங்கிற்று. 2022இல் உக்ரேன் யுத்தம் மூண்டது. ஐரோப்பாவும் ரஷ்யாவும் தத்தம் வானத்தை ஒன்றுக்கொன்று மூடின. பிரயாணம் மீண்டும் 13 மணி நேரமாயிற்று. நாற்பதாண்டுக் காலத்தில் எந்திரக் கலை அடைந்த முன்னேற்றம் அனைத்தையும் ஓர் அரசியற் தீர்மானம் ஒரே வாரத்தில் விழுங்கிவிட்டது.

பேர்த்தின் கதையும் அதுவே. 2018 மார்ச்சில் பேர்த்திலிருந்து லண்டனுக்கு எங்கும் நில்லாத விமான சேவை தொடங்கியது. 14,498 கிலோமீற்றர் தூரத்தைச் சுமார் 17 மணி நேரத்தில் கடந்த அந்த விமானத்துக்குச் சிங்கப்பூரும் வேண்டியிருக்கவில்லை, கொழும்பும் வேண்டியிருக்கவில்லை. இடையிலுள்ள நாடுகளின் தேவை நீங்கிவிட்டது என்று பலர் எண்ணினர். 2024 ஏப்ரலில் மேற்காசியாவிற் போர் அபாயம் முற்றியபோது, ஈரானின் வானைத் தவிர்க்கவேண்டியதாயிற்று. சுற்றிச் செல்லப் பெற்றோல் போதாது. ஆகவே அந்த விமானம் அப்போது சிங்கப்பூரில் இறங்கிப் பெற்றோல் நிரப்பிக்கொண்டு சென்றது. லண்டனிலிருந்து திரும்பிவந்த விமானமோ, பின்காற்று தள்ளிவிட்டதனால், நில்லாமலே பேர்த்தை அடைந்தது. 1942இல் சிங்கப்பூரை இழந்ததனால் குழம்பிய வழி, 2024இல் சிங்கப்பூரைத் தேடி மீண்டும் வந்தது. காற்றும் போரும் இன்றும் பிரயாண நேரத்தின் இரு எசமான்களே.

விமானம் எந்த வானிற் பறந்தாலும் அது எழுவதும் இறங்குவதும் நிலத்தில்தான். கொக்கலைச் சிங்களக் கிராமத்தவர் அனுபவித்த துயரம் தெற்குக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியர் அமைத்த இன்னொரு விமானத்தளம் யாழ்ப்பாணத்துப் பலாலி. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குச் சென்றது. இந்நாட்டின் விமான சேவை பிறந்த நாளிலேயே பலாலி அதில் இடம்பெற்றிருந்தது. பின்னர் உள்நாட்டு யுத்தம் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களின் காணிகள் உயர்பாதுகாப்பு வலயமாயின. சென்னை கூப்பிடு தூரத்தில் இருக்க, யாழ்ப்பாணத்தவர் முதலில் தெற்கே கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து வடக்கே பறந்தனர். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைக்கு விமானம் சென்றது. விமானம் திரும்பி வந்தது; அவ்வட்டாரத்தில் வீடு திரும்பக் காத்திருந்தோர் அனைவருக்கும் அன்று காணி திரும்பி வரவில்லை.

தெற்கே ஒரு வாவிக்கரையிலும் வடக்கே ஒரு செம்மண் பூமியிலும் எளிய சனங்கள் ஒரே அனுபவத்தைப் பெற்றிருக்கின்றனர். ஒருவர் மொழி சிங்களம், மற்றவர் மொழி தமிழ். ஒருவரை வெளியேற்றியது அந்நிய ஆட்சி, மற்றவரை வெளியேற்றியது சுதேச யுத்தம். இழந்தது இருவருக்கும் வீடும் தோட்டமும் கிணறுந்தான். இந்த ஒற்றுமையை இரு சாராருக்கும் எடுத்துச் சொல்லவேண்டிய கடமை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உண்டு.

ஆகவே, இரண்டு விமான நிலையங்களுக்கிடையே எத்தனை மணி நேரம் என்று வகுப்பில் கேட்கும்போது, விடையை மட்டும் வாங்கிக்கொண்டு அமைதல் போதாது. அந்த மணி நேரம் யார் வகுத்தது, எந்த எல்லையைச் சுற்றியதால் கூடியது, எவருடைய நிலத்தின்மேல் நின்று குறைந்தது என்ற கேள்விகளையும் மாணவர்முன் வைப்போம். தூரத்தை வெல்லும் அறிவு மனித குலம் முழுவதற்கும் பொதுவானது. அதன் பயனும் பொதுவாகும் நாளை ஆக்குவதற்கு, அதன் விலையை இதுவரை கொடுத்தவர் எவரென்று கணக்கெடுத்தலே முதற்படி.